செல்லக்கடிக்கு எந்த வழி? கர்ப்பிணி இருக்கும் வீட்டில் துள்ளும் நாயைச் சமாளிப்பது

ஒன்றரை வயது லாப்ரடார், எடை 30 கிலோவைத் தாண்டியாயிற்று. வெளியே போனவர்கள் திரும்பி வந்தால் போதும், ஓடிவந்து கையைக் கவ்விக்கொள்ளும். ரத்தம் வராது. ஆனால் பல் தடம் பதியும், வளையல் உடையும், துப்பட்டா கிழியும். என் தங்கை வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்கள், அவள் கர்ப்பமாகும் வரை. அப்புறம் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு யோசனை இருந்தது. மாமியார் கட்டிப்போடச் சொன்னார். பக்கத்து ஃபிளாட்டுக்காரர் மூக்கில் ஒரு தட்டு தட்டச் சொன்னார். யாரோ ஒருவர் ஊரில் தோப்பு வைத்திருக்கிறாராம், அங்கே விட்டுவிடலாம் என்றார்கள். இணையத்தில் தேடினால் முதுகைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள் என்கிறது.

இவற்றில் சில நல்ல யோசனைகள்தான். ஆனால் நாய்ப் பயிற்சி பற்றிச் சொல்கிறவர்கள், சட்டென்று திரும்பவும் குனியவும் முடிகிற ஒருவரை மனதில் வைத்தே சொல்கிறார்கள். ஏழாம் மாதத்தில் சோபாவிலிருந்து எழுந்திருக்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் நாய்க்கு எது நல்லது என்று மட்டும் பார்த்தால் போதாது. எதை அவளால் செய்ய முடியும், எதை மற்றவர்கள் செய்ய வேண்டும், எது இன்றைக்கே பலன் தரும், எதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று சேர்த்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

அதற்கு முன்னால், இது செல்லக்கடிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உற்சாகத்தில் கவ்வுகிற நாயின் உடம்பு தளர்ந்திருக்கும். வாலோடு சேர்ந்து பின்பாகம் முழுக்க ஆடும். வாய் அழுத்தமில்லாமல் பிடிக்கும். உடம்பு விறைத்துப்போய், தட்டின் மேலோ எலும்பின் மேலோ குனிந்து நின்று உறுமுவதும், பல்லைக் காட்டுவதும் வேறு விஷயம். முன்பு யாரையாவது தோல் கிழியக் கடித்திருந்தாலும் அப்படித்தான். அந்த நாயை இன்றைக்கே தனி அறைக்கு மாற்றிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதில் சீழ், இடுப்பு மூட்டில் வலி என்று ஏதாவது இருந்தால்கூட நல்ல நாய் திடீரென்று கடிக்கும். கீழே சொல்லப்போகிற எதுவும் அந்த நாய்க்கான வைத்தியம் அல்ல.

வயதும் முக்கியம். குட்டிக்கு 28 பால்பற்கள். அவை நான்காம் மாதவாக்கில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அந்தக் காலத்தில் கடிப்பதற்கு ஈறு ஊறலும் ஒரு காரணம், பாதி தானாகவே குறையும். அதைத் தாண்டிய நாய் கவ்வினால் அது பழக்கம், கூடவே இனத்தின் இயல்பு. லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும் சுடப்பட்ட பறவையைச் சேதப்படுத்தாமல் வாயில் தூக்கிவருவதற்காக வளர்த்தெடுக்கப்பட்டவை. சந்தோஷம் வந்தால் வாயில் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் அவற்றுக்கு. ஜெர்மன் ஷெப்பர்ட் ஆட்டு மந்தையை ஓட்டிய இனம், அதனால் நகர்கிற காலையும் ஆடுகிற துணியையும் பிடிக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்குத் துரத்துவதில்தான் ஆசை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரே வழி எல்லா நாய்க்கும் ஒரே அளவு எடுபடாது.

கர்ப்பம் தெரிந்ததும் நாய் திடீரென்று மோசமாகிவிட்டது என்று பல வீடுகளில் சொல்வார்கள். குழந்தை வரப்போவது நாய்க்குத் தெரிந்துவிட்டது என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் அதைவிடச் சாதாரணமான காரணத்தைத்தான் முதலில் தேடுவேன். காலையில் நடைக்குக் கூட்டிப்போனவள் வாந்தியும் தலைசுற்றலுமாகப் படுத்திருக்கிறாள். கணவர் அவசரமாகக் கீழே இறக்கி, சிறுநீர் கழித்ததும் மேலே ஏற்றிவிடுகிறார். செலவாகாத தெம்பெல்லாம் சாயங்காலம் கதவு திறக்கும்போது அவள் கையில் வந்து இறங்குகிறது.

எதற்குப் பயப்பட வேண்டும்?

நாய் முடி வயிற்றுக்குள் போய்க் குழந்தையைப் பாதிக்கும் என்று பெரியவர்கள் சொல்வதை ஒதுக்கிவிடலாம். கருப்பைக்குள் முடி போக வழியே இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமி பற்றி மருத்துவர் எச்சரித்திருப்பார். அது பூனையின் மலத்திலிருந்தும், சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும், மண்ணிலிருந்தும் வருவது. நாய் வாயில் கையைக் கவ்வுவதால் வருவதல்ல. நாய்க்குத் தடுப்பூசியும் குடற்புழு மாத்திரையும் கெடு தவறாமல் போனால் அந்தப் பக்கக் கவலை பெருமளவு தீரும்.

உண்மையான ஆபத்து இரண்டு. ஒன்று, விழுவது. கர்ப்பத்தில் மூட்டுத் தசைநார்கள் தளர்ந்துபோகும். வயிறு முன்னால் வரவர நிற்கிற சமநிலையே மாறும். 30 கிலோ நாய் ஒரு பக்கம் கையைப் பிடித்து இழுத்தால் சறுக்குகிற டைல்ஸ் தரையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் 12 வாரம் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். 20 வாரத்தில் அது தொப்புள் உயரத்துக்கு வந்துவிடுகிறது. தாவுகிற நாயின் முன்னங்கால்களும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் வந்து படும். வயிற்றில் பலமாக அடிபட்டாலோ, விழுந்தாலோ வலி இல்லையென்று இருந்துவிடக் கூடாது. உதிரம், நீர் கசிவு, வயிறு இறுகி இறுகி விடுவது, குழந்தையின் அசைவு குறைவது எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெகட்டிவ் ரத்த வகை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கிற ஆன்டி-டி ஊசி அவர்களுக்குத் தேவைப்படலாம், அதை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இரண்டாவது, பல் தோலைக் கீறுவது. விளையாட்டுக்குக் கவ்வினாலும், சொந்த நாயாகவே இருந்தாலும், தோல் கிழிந்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி கர்ப்பிணிக்குப் போடக் கூடாது என்று ஒரு தவறான பயம் இருக்கிறது. போடலாம்; தேவை என்றால் கட்டாயம் போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போனால் மருத்துவர் முடிவெடுக்க உதவும்.

ஆக, ஒப்பிடும்போது முதல் கேள்வி கவ்வுவது நிற்குமா என்பது இல்லை. தாவுவது நிற்குமா என்பதுதான். வாயை மட்டும் அடக்கி உடம்பைத் துள்ளவிடுகிற வழி நமக்குப் பாதிதான் உதவும்.

அடியும் கசப்பும்

மூக்கில் தட்டுவது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, வாயைக் கையால் இறுக்கி மூடிப் பிடிப்பது ஆகியவை செலவில்லாதவை, உடனே செய்யக்கூடியவை. அதனால்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றுகிறது. ஆனால் துள்ளிக்கொண்டிருக்கிற நாய்க்கு முகத்துக்கு நேரே வருகிற கை விளையாட்டுக்கு அழைப்பு மாதிரிதான். இன்னும் வேகமாகக் கவ்வும். பலமாக அடித்தால் நிற்கலாம். நின்றால் என்ன கற்றுக்கொண்டிருக்கும்? மனிதர் கை அருகில் வந்தால் பயப்பட வேண்டும் என்று. இன்னும் சில மாதங்களில் அந்த வீட்டில் தவழ்ந்து, கையை நீட்டி நாயின் காதைப் பிடிக்கப்போகிற ஒரு குழந்தை இருக்கும். உறுமினால் அடி விழும் என்று பழகிய நாய் உறுமாமலே கடிக்கும் அபாயம் உண்டு. நான் இந்த வழியை முழுவதுமாக விலக்குகிறேன்.

கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்கிறவர்களும் உண்டு. அதே கையால் சோறு பிசைந்து சாப்பிட வேண்டியவள் அவள். கர்ப்பகாலத்தில் வேப்பெண்ணெய் உள்ளே போகக் கூடாது. அந்த வாசனைக்கே மசக்கை வாந்தி வரும். மேசைக்கால் கடிக்கிற குட்டிக்கு மேசைக்காலில் கசப்பு தடவுவது வேறு, மனிதக் கையில் தடவுவது வேறு.

“ஆ” என்று கத்துவது ஒன்று இருக்கிறது. குட்டிகள் தங்களுக்குள் விளையாடும்போது ஒன்று வீறிட்டால் மற்றது விட்டுவிடும், அதைப் பார்த்து வந்த யோசனை. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டியிடம் செய்து பார்க்கலாம், தப்பில்லை. வளர்ந்த லாப்ரடாரிடம் கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் அதன் உற்சாகம் இரட்டிப்பாகும்.

முதுகைத் திருப்புவது

புத்தகப்படி சரியான வழி இதுதான். நாய்க்கு வேண்டியது உங்கள் கவனம். பல் பட்டதும் கவனத்தை எடுத்துவிட்டால், பல் பட்டால் விளையாட்டு முடிந்தது என்று அது புரிந்துகொள்ளும். திட்டுவதும் தள்ளுவதும்கூடக் கவனம்தான் என்பதால் பேசாமல், தொடாமல் திரும்பி நிற்க வேண்டும் அல்லது அறையைவிட்டுப் போய்விட வேண்டும். இதே முறையைக் கணவர் செய்தால் நன்றாக வேலை செய்யும். அவள் செய்தால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, நேரம். பல் பட்ட ஓரிரு நொடிக்குள் நீங்கள் விலகினால்தான் நாய் இரண்டையும் முடிச்சுப் போடும். எட்டாம் மாதத்தில் நாற்காலியின் கையைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, மெதுவாக எழுந்து நிற்பதற்குள் நாய் விஷயத்தையே மறந்திருக்கும். அல்லது அந்த எழுந்திருக்கும் நேரம் முழுக்க அவள் கையைக் கவ்விக்கொண்டு ஆனந்தமாக இருந்திருக்கும். இரண்டாவது, இதுவரை பலன் தந்த ஒன்று திடீரெனப் பலன் தராமல் போனால் நாய் உடனே விட்டுவிடாது. முதலில் இன்னும் பலமாக முயலும். திரும்பி நிற்பவளின் முதுகில் தாவும், நைட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும். இந்த முரண்டு அடங்கச் சில நாட்கள் ஆகலாம். அந்தச் சில நாட்களை அவள் உடம்பு ஏன் தாங்க வேண்டும்? மூன்றாவது, பின்னாலிருந்து வருகிற தாவலை அவளால் பார்க்கவே முடியாது.

ஆனால் இந்த முறையின் அடிப்படை நல்லது. அதை வைத்துக்கொண்டு, விலகுகிற வேலையை மட்டும் அவள் உடம்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் அடுத்த வழி. ஒன்று மட்டும் எந்த மாதத்திலும் அவளால் முடியும்: கை வாயில் சிக்கினால் வெடுக்கென்று இழுக்காமல் இருப்பது. இழுத்தால் தோல் கிழியும், நாய்க்கும் அது இழுபறி விளையாட்டாகிவிடும். கையைத் தளர்த்தி அசைக்காமல் வைத்தால் பெரும்பாலான நாய்கள் சுவாரசியம் இழந்து விடும். சொல்வது சுலபம், கை தானாக இழுத்துக்கொள்ளும் என்பது தெரியும். பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

தடுப்பு

குழந்தைகளுக்காக விற்கிற கதவுத் தடுப்பு, அதாவது பேபி கேட், இந்த விஷயத்தில் நான் முதல் நாளே வாங்கச் சொல்வது. பயிற்சி எதுவும் இல்லாமல், அன்றைக்கே பலன் தருகிற ஒரே வழி இது. குழந்தை தவழத் தொடங்கியதும் இதே தடுப்பு எப்படியும் தேவைப்படும், அதனால் வீண் செலவும் இல்லை. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். நடுவில் திறந்து மூடுகிற கதவு இருக்க வேண்டும், தாண்டிப்போகிற மாதிரியானது கர்ப்பிணிக்கு ஆபத்து. லாப்ரடார் மாதிரி கனமான நாய்க்குச் சுவரில் திருகாணி போட்டு மாட்டுகிற வகைதான் நிற்கும்; அழுத்தத்தில் நிற்கிற வகையை ஒரே மோதலில் சாய்த்துவிடும். தனி வீடு என்றால் வராண்டாவில் கிரில் கேட் ஏற்கெனவே இருக்கும், பாதி வேலை முடிந்தது.

தடுப்பை நாயை அடைத்துவைக்கிற சிறையாகப் பார்க்காமல் அவளுக்கான வேலியாகப் பயன்படுத்துவதுதான் சூட்சுமம். வெளியிலிருந்து வருகிறாள். நாய் தடுப்புக்கு அந்தப் பக்கம். துள்ளட்டும், அவள் செருப்பைக் கழற்றி, பையை வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். நான்கு காலும் தரையில் இருக்கும்போது தடுப்பின் பக்கம் வந்து பேசட்டும். துள்ளினால் ஓரடி பின்னால் நகர்ந்தால் போதும். அதுவே முதுகைத் திருப்புவதற்குச் சமம், முதுகில் தாவல் இல்லாமல்.

தடுப்பு வைக்க வசதியில்லாத ஹாலில், வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரம் மட்டும், கனமான கட்டில் காலில் ஆறடி பெல்ட்டால் நாயைக் கட்டி வைப்பதும் இதே வேலையைச் செய்யும். கழுத்துப் பட்டையில் மாட்டுவதைவிட மார்புப் பட்டையில் மாட்டுவது நல்லது. இது பதினைந்து இருபது நிமிடத்துக்கான ஏற்பாடு. மொட்டைமாடியிலோ போர்ட்டிகோவிலோ நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவது வேறு. நாள் முழுக்கக் கட்டிய நாய் அவிழ்த்ததும் என்ன செய்யும் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். சித்திரை வெயிலில் மாடித் தரையில் கட்டுவது உயிருக்கே ஆபத்து. மாமியார் சொன்ன “கட்டிப்போடு” யோசனையில் கொஞ்ச நேரம் கட்டுகிற பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சில பயிற்சியாளர்கள், வீட்டுக்குள் நாயின் கழுத்தில் நீளமான பெல்ட்டை மாட்டித் தரையில் இழுபடவிடச் சொல்வார்கள், தேவைப்படும்போது மிதித்து நிறுத்தலாம் என்று. மற்ற வீடுகளுக்கு நல்ல யோசனை. வயிறு மறைப்பதால் தன் காலடியே தெரியாத ஒருத்தி நடமாடுகிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

வாய்மூடி பற்றியும் கேட்பார்கள். துணி மாதிரி வாயை இறுக்கிக் கட்டுகிற வகையைப் போட்டால் நாயால் நாக்கை நீட்டி மூச்சிரைக்க முடியாது. நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் அப்படித்தான் என்பதால் நம் ஊர் வெயிலில் அது ஆகாது. கூடை மாதிரி வகை பரவாயில்லை, ஆனால் அது தாவலைத் தடுக்காது. கம்பிக்கூடையோடு வயிற்றில் மோதினால் பல்லைவிட மோசம்.

வாய்க்கு வேலை

ரிட்ரீவர் இன நாய்க்கு நான் முதலிடம் தருகிற பயிற்சி வழி இது. வாயில் எதையாவது பிடிக்க ஆசைப்படுகிற நாய்க்கு, பிடிக்காதே என்று கற்றுக்கொடுப்பதைவிட எதைப் பிடிக்கலாம் என்று கற்றுக்கொடுப்பது மிகச் சுலபம். வாசலுக்குப் பக்கத்தில், நாய்க்கு எட்டாத உயரத்தில் ஒரு கூடை. அதில் முடிச்சுப் போட்ட கயிற்றுப் பொம்மை, துணிப் பொம்மை என்று இரண்டு மூன்று. மணி அடித்ததும் உள்ளே இருப்பவர் ஒன்றை எடுத்து நாயின் வாயில் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் கதவு திறக்க வேண்டும். பொம்மையை வாயில் வைத்திருக்கிற நாயால் கையைக் கவ்வ முடியாது. சில வாரங்களில் மணி அடித்தாலே பொம்மையைத் தேடிக் கூடைக்கு ஓடுகிற லாப்ரடார்கள் உண்டு. பொம்மை நீளமாக இருக்கட்டும், பல்லுக்கும் விரலுக்கும் நடுவில் இடம் வேண்டும். பழைய துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக் கொடுக்காதீர்கள். கூடையில் கிடக்கிற துப்பட்டாவும் தோளில் தொங்குகிற துப்பட்டாவும் நாய்க்கு ஒன்றுதான்.

இழுபறி விளையாட்டை மற்றவர்கள் விளையாடலாம், “விடு” என்றதும் விட்டால் ஒரு துண்டு கோழி என்று பழக்கினால் அதுவே ஒரு பயிற்சி. அவள் மட்டும் வேண்டாம். திடீர் இழுப்பு தோளையும் இடுப்பையும் பதம் பார்க்கும்.

பொம்மையில் ஆர்வமில்லாத சிப்பிப்பாறைக்கும் நாட்டு நாய்க்கும் தரையில் தீனி இறைப்பது நன்றாக எடுபடும். வேகவைத்த கோழியை, உப்பும் வெங்காயமும் இல்லாமல், சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, நாய் தாவுவதற்கு முன்பே பத்துத் துண்டைத் தரையில் வீசி எறிய வேண்டும். மூக்கு கீழே போனால் முன்னங்கால் மேலே வராது. குனிய வேண்டியதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம். கர்ப்பிணிக்கென்றே யோசித்துக் கண்டுபிடித்தது போன்ற உத்தி. ஒரே எச்சரிக்கை, கவ்வியதற்கு அப்புறம் இறைத்தால் கவ்வினால் கோழி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். முன்கூட்டியே இறைக்க வேண்டும்.

சாயங்காலம் அவள் ஓய்வெடுக்கிற நேரத்துக்கு, உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் தயிர்ச்சோறு அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டிருக்கும். தாளிப்பு இல்லாத தயிர்ச்சோறு. திராட்சை போட்டது கூடவே கூடாது, திராட்சை நாய்க்கு விஷம்.

கணவரின் பங்கு

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது, தூக்கமும் நடையும். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளில் பாதி நேரமாவது தூக்கம் வேண்டும், குட்டிக்கு அதைவிட மிக அதிகம். தூக்கம் கெட்ட நாய் அதிகமாகக் கவ்வும். விருந்தாளிகள் வந்துபோகிற வீட்டில் இது சட்டென்று தெரியும். நடை என்றால் பந்தை எறிந்து எறிந்து ஓடவிடுவது இல்லை, அது நாயை இன்னும் சூடேற்றும். மெதுவாக நடந்து, ஒவ்வொரு மரத்தையும் கம்பத்தையும் முகரவிட்டுக் கூட்டிவருவதுதான் அடக்கும். கோடையில் காலை ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும், தார்ச்சாலை சுடத் தொடங்கினால் பாதம் வெந்துபோகும். இது கணவருடைய வேலை. அவர் செய்யாவிட்டால் மேலே சொன்ன வழிகள் எல்லாம் பாதிதான் பலிக்கும், அதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் எல்லாப் பயிற்சியும் கணவரிடமே விட்டுவிடவும் முடியாது. நாய்கள் ஒருவரிடம் கற்றதை இன்னொருவரிடம் தானாகப் பொருத்திப் பார்ப்பதில்லை. அவர் வரும்போது ஒழுங்காக உட்கார்கிற நாய் அவள் வரும்போது பழையபடி துள்ளும். அதனால் அவர் கற்றுக்கொடுத்த பிறகு அவள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, நாய் உட்கார்ந்தால் ஒரு துண்டு என்று, காலையும் மாலையும் ஐந்து நிமிடம் செய்ய வேண்டும்.

வெளியே அனுப்பிப் பயிற்சி தருகிற இடங்களில் எனக்குள்ள சந்தேகமும் இதேதான். மூன்று வாரம் தங்கவைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே பயிற்சியாளரின் கையைக் கவ்வாத நாய், இங்கே இவள் கையைப் பார்த்ததும் பழையபடி ஆகும். பணம் செலவழிப்பதாக இருந்தால் வீட்டுக்கு வந்து, வீட்டு மனிதர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவரைத் தேடுங்கள். என்ன சாதனம் பயன்படுத்துவீர்கள் என்று முதலில் கேளுங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலி, முள் பட்டை, மின்சாரம் பாய்ச்சும் பட்டை என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். மின்பட்டையை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது. நாய்களின் நடத்தையைக் கவனிக்கிற அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கமும் 2021-ல், வெகுமதி வைத்துப் பழக்குவதை மட்டுமே பரிந்துரைப்பதாகச் சொன்னது.

அனுப்பிவிடுவது

இதைக் கெட்ட வார்த்தையாக நினைக்கத் தேவையில்லை. முழு ஓய்வு சொல்லப்பட்ட கர்ப்பம், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, பகலில் வீட்டில் வேறு யாருமே இல்லை, நாய் பெரியது. இப்படி இருந்தால் பயிற்சிக்கு நேரமில்லை. நாய்க்குப் பழக்கமான அண்ணன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ சில மாதம் விடுவது நியாயமான முடிவு. ஆனால் தற்காலிகமாக அனுப்புவதில் ஒரு சிக்கல். அங்கே யாரும் பழக்கத்தை மாற்ற மாட்டார்கள். நாய் அதே பழக்கத்தோடு, இன்னும் அதிக ஆவலோடு, வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிற நேரத்தில் திரும்பி வரும். அனுப்பினாலும் கூடவே பொம்மைக்கூடையும் அதே விதிகளும் போக வேண்டும்.

முன்பின் தெரியாத தோப்பில் காவலுக்கு விடுவதைப் பொறுத்தவரை, ஃபிளாட்டில் ஏசி அறையில் வளர்ந்த லாப்ரடார் அங்கே என்ன ஆகும் என்பதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தெருவில் விட்டுவிடுவது முடிவே இல்லை. பட்டினி கிடக்கும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

எதை, எப்போது?

நம் ஊரில் பிரசவ தேதியைவிட முக்கியமான ஒரு கெடு இருக்கிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். குழந்தையோடு திரும்பி வர இன்னும் சில மாதம் ஆகும். வெளிநாட்டுக் கையேடுகளில் நாற்பது வாரமும் நாய் கூடவே இருப்பதாகக் கணக்கு. நமக்கு நாயோடு அவள் இருக்கப்போகிற காலம் அதைவிடக் குறைவு. அதனால் மூன்றாம் நான்காம் மாதத்திலேயே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். அப்போது அவளாலும் ஓரளவு நின்று, நடந்து பழக்க முடியும்.

ஐந்தாம் மாதத்துக்கு முன் என்றால் என் தேர்வு தடுப்பும் பொம்மைக்கூடையும், அவளே கலந்துகொள்கிற ஐந்து நிமிடப் பயிற்சியும். ஏழாம் மாதத்தில்தான் இதை யோசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் அவள் பயிற்சி தருவதை மறந்துவிடலாம். தடுப்பு, தீனி இறைத்தல், கணவரின் நடை இந்த மூன்று மட்டும் போதும். மற்றதை அவள் அம்மா வீட்டில் இருக்கும்போது கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த இடைவெளியில் வருகிற ஒவ்வொரு விருந்தாளியையும் பொம்மையோடு வரவேற்கப் பழக்கலாம். கூட்டுக்குடும்பம் என்றால் ஒரே ஒரு நிபந்தனை: மாமனார் மட்டும் கையைக் கவ்வவிட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது. இதை அவரிடம் சொல்வது நாயைப் பழக்குவதைவிடக் கஷ்டம் என்பது எனக்கும் தெரியும்.

வளைகாப்பு நாளன்று நாயைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமிருக்காது. கை நிறையக் கண்ணாடி வளையல், வீடு நிறைய ஆட்கள், பட்டுப்புடவை முந்தானை. அன்றைக்கு நாயைத் தெரிந்தவர் வீட்டிலோ, நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற பழக்கமான போர்டிங்கிலோ விட்டுவிடுங்கள்.

திரும்பி வருகிற நாளுக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பல மாதம் காணாத ஒருத்தியைப் பார்க்கிற அந்த நாள்தான் நாயின் உற்சாகம் உச்சத்தில் இருக்கும். அவள் கையில் குழந்தை இருக்கக் கூடாது. குழந்தை பாட்டியிடமோ அப்பாவிடமோ காரிலேயே இருக்கட்டும். நாயை முதலில் நன்றாக நடத்திக் கூட்டிவந்து, தடுப்புக்குப் பின்னால் வாயில் பொம்மையோடு விட்டு, அவள் மட்டும் தனியாக உள்ளே வந்து பேசட்டும். பிரசவத் தையலோ சிசேரியன் தழும்போ ஆறாமல் இருந்தால் தடுப்பைத் திறக்கவே வேண்டாம். நாய் துள்ளி ஓய்ந்து படுத்த பிறகு குழந்தையைக் கொண்டுவரலாம், தடுப்பு மூடியபடியே.